இடது பக்கத்துக் கீறல்கள்

போன வாரம் ரேணிகுண்டா சாலைப் பக்கம் ஒரு வேலையாக வந்தவள், நம் சர்வீஸ் சென்டரின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் ஆட்டோவை நிறுத்தி இறங்கிவிட்டேன். நீங்கள் எல்லோரும் கேன்டீனில் இருந்தீர்கள். பெட்ரோல் காரா, கரெண்டு காரா என்று பெரிய சண்டை. உங்களில் ஒருவர், இன்னும் கொஞ்ச வருஷத்தில் திருப்பதியில் பெட்ரோல் காரே ஓடாது என்றார். இன்னொருவர், நடு ரோட்டில் சார்ஜ் இறங்கி நின்றால் அப்போது தெரியும் என்று மேசையைத் தட்டினார். நடுவில் ஒரு பெண் என் பக்கம் திரும்பி, "மேடம், இவ்ளோ வருஷம் இருந்தீங்களே, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது தப்பு என்று பட்டது. எனக்கு அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. அதை ஒரு வார்த்தையில் சொல்ல வராது. அதனால்தான் எழுதுகிறேன். சர்வீஸ் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நான் நகரி பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வரவேற்பில் உட்காரத்தான் வந்தேன். பிறகு சர்வீஸ் அட்வைசர் ஆனேன். கல்யாணம் அமையவில்லை. திருப்பதியில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தேன், இப்போதும் அங்கேதான். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அண்ணன் பிள்ளைகள் வளர வளர அங்கே எனக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, நானாகவே குறைத்துக்கொண்டேன். ஆக, பேச ஆள் என்று பார்த்தால், காலையிலிருந்து மாலை வரை என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிற வாடிக்கையாளர்கள்தான்.

அவர்களில் ஒருவர் தாமோதரம் சார். சித்தூர்க்காரர். மாம்பழக்கூழ் ஃபாக்டரி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிப்போய்விட்டார், ஒரே மகன் பெங்களூரில். சித்தூரிலேயே நமக்குக் கிளை இருந்தும் அவர் திருப்பதிக்குத்தான் வண்டியைக் கொண்டுவருவார். கேட்டால், "அப்படியே சாமியயும் பாத்துட்டுப் போலாம்னு" என்பார். மலைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. நேராக என் மேசைக்கு வருவார், வண்டி முடியும்வரை உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் திரும்பிப் போவார்.

அடிக்கடி வந்ததால் ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு "சத்தம் சார்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்பார். ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஒரு நாள் அவரையே ஓட்டச் சொல்லி நான் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். சந்திரகிரி ரோட்டில் ஒரு மேடு ஏறும்போது எனக்கும் கேட்டது, அடியிலிருந்து ஒரு தகரம் நடுங்குகிற மாதிரி. வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்து ஃபோர்மேன் அண்ணா சரி செய்தார். அன்றிலிருந்து தாமோதரம் சார் என் பேச்சைத்தான் நம்புவார்.

ஃபோர்மேன் அண்ணாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. என்ஜினைத் திறந்து வைத்துவிட்டு அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். "வண்டிய சர்வீஸுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி அத ஒரு சுத்து சுத்தி வா, சரளா. கஸ்டமர் சொல்றத அப்புறம் கேட்டுக்கலாம்" என்பார். மதியம் நாங்கள் ஒரே மேசையில் சாப்பிடுவோம். அவர் வீட்டுக் கோங்கூராக் கீரை ஊறுகாய் எனக்கு ஒரு பங்கு வரும்.

நம் ஷோரூமுக்கு கரெண்டு கார் வந்த புதிதில் தாமோதரம் சாரின் மகன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு அப்பாவுக்குப் புதிது வாங்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். காத்திருப்பவர்கள் உட்காரும் அறையில், மகன், சேல்ஸ் ஆள், ஃபோர்மேன் அண்ணா, தாமோதரம் சார், நான். அங்கே நடந்ததும் நீங்கள் கேன்டீனில் போட்ட அதே சண்டைதான்.

"புகை இல்ல, சத்தம் இல்ல. வீட்ல ஃபோன் மாதிரி சொருகி வெச்சா போதும்" என்றான் மகன்.

"சித்தூரு வெயிலு தெரியும்ல தம்பி? மே மாசத்துல பேட்டரி என்ன கதி ஆகும்?" என்றார் அண்ணா. "இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு சார்ஜ் போடற எடம். அதுல பாதி வேல செய்யாது. பேட்டரி போச்சுன்னா பாதி வண்டி போச்சு."

"உங்களுக்கு வேல போயிடும்னு பயம்" என்று மகன் சிரித்தான்.

அண்ணா சிரிக்கவில்லை. "ஆமா, பயந்தான். ஆயில் இல்ல, ஃபில்டர் இல்ல, பிளக் இல்ல, கிளட்ச் இல்ல. அப்புறம் நாங்க எதுக்கு இருக்கோம்? ஒர்க்‌ஷாப்ல என் பசங்க பதினஞ்சு பேரு என்ன செய்வாங்க? நீயே சொல்லு."

அந்தக் கேள்விக்குப் பதில் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதைக் கேட்கிறவரைப் பார்த்துச் சிரிக்க மட்டும் கூடாது.

தாமோதரம் சார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீ சொன்னா வாங்கறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவர் ஓட்டுவது எவ்வளவு, எங்கே என்று தெரியும். வீட்டில் போர்டிகோ இருக்கிறது, சொருகி வைக்க இடம் இருக்கிறது. சித்தூருக்குள் சுற்றுவது, எப்போதாவது வேலூர், அதை விட்டால் இங்கே. அவருக்குக் கரெண்டு கார்தான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இன்னொன்றும் தெரியும். அந்த வண்டிக்கு சர்வீஸ் வேலையே அதிகம் கிடையாது. அதை வாங்கிவிட்டால் இவர் என் மேசைக்கு வர ஒரு காரணமும் இருக்காது.

"உங்களுக்கு அது சரியா வரும் சார்" என்றேன்.

அண்ணா எழுந்து போய்விட்டார். மறுநாள் மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் பையன்களோடு போய் உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நான் ஒரு தடவை கேட்டதற்கு, "நீ உண்மையத்தான் சொன்ன. எனக்கு எதிரா சொன்ன, அவ்ளோதான்" என்றார். அதற்குப் பிறகு கேன்டீனில் அந்த மேசை எனக்கு மட்டும் ஆனது.

தாமோதரம் சார் வண்டியை வாங்கிக்கொண்டு போனார். பிறகு வரவில்லை. வருஷத்துக்கு ஒரு செக்கப், அதையும் நம் ஆள் வீட்டுக்கே போய் முடித்துவிட்டு வந்தான். ஒரு நாள் ஃபோன் செய்தார். "வண்டி நல்லா ஓடுதும்மா. ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்ல" என்றார். "சந்தோஷம் சார்" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. "சரி, வெச்சுடறேன்" என்றார்.

இப்படி இரண்டாவது வருஷமும் ஓடியது. ஒரு நாள் காலையில் மகனிடமிருந்து ஃபோன்.

"மேடம், அப்பா ஒருத்தங்கள இடிச்சுட்டார். எங்க சந்துல கீரை விக்கற அம்மா. பெரிய அடி இல்ல, கை மணிக்கட்டுலதான். ஆனா தெருவே கூடிடுச்சு. வண்டி வந்த சத்தமே கேக்கலன்னு எல்லாரும் கத்தறாங்க. நீங்கதான வாங்கச் சொன்னீங்க? இத எடுத்துக்கினு பழையபடி ஒரு பெட்ரோல் வண்டி குடுத்துடுங்க. அவருக்கு சத்தம் போடற வண்டிதான் லாயக்கு."

வாங்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவன் அவன்தான். அதைச் சொல்லவில்லை. பயந்துபோனவர்களிடம் அந்தக் கணக்கெல்லாம் பேசக் கூடாது.

மேனேஜருக்கு விஷயம் போனது. அவருக்குச் சந்தோஷம், ஒரு புது வண்டி விற்கும். ஃபோர்மேன் அண்ணா என் மேசைக்கு வந்து, "அப்பவே சொன்னேன்ல" என்றார். சத்தமில்லாத வண்டி ஆளைக் கொல்லும் என்று ஒர்க்‌ஷாப் முழுக்கப் பேச்சு. கரெண்டு காரை விற்கிற பையன்களோ, அந்த அம்மா குறுக்கே வந்திருப்பாள் என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் முடிவு கட்டிவிட்டார்கள். வண்டியை இன்னும் யாருமே பார்க்கவில்லை.

"நீயே போய் பாத்து, ரிப்போர்ட் குடுத்துட்டு, வண்டிய எடுத்துக்கினு வந்துடு. அவரு உன்கிட்டதான் சாவி குடுப்பாராம்" என்றார் மேனேஜர். நான் சித்தூர் பஸ் ஏறினேன்.

மாம்பழ சீசன். கூழ் ஃபாக்டரிகளுக்குப் போகிற டிராக்டர்கள் ரோட்டோரமாக வரிசையாக நின்றன. ஊருக்குள் நுழையும்போதே அந்தப் பழுத்த வாடை. அவர் வீட்டுச் சந்து முனையில் இறங்கியபோது, கையில் கட்டுப் போட்ட ஒரு அம்மா ஒரு வீட்டு வாசலில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு அவளே பேசினாள்.

"அந்த கரெண்டு வண்டிய எடுத்துக்கினு போக வந்தியா தாயி?"

"ஆமாம்மா. உங்களத்தான் இடிச்சுதா? சத்தம் கேக்கலியா?"

"சத்தம் எங்க கேட்டுது? ஆனா நான் வண்டியப் பாத்தனே. எதுருலதான வந்துச்சு. ஓரமா ஒதுங்கி நின்னுக்கினுதான் இருந்தேன். சாரும் நேரா பாத்துக்கினுதான் வந்தாரு. என்னப் பாத்துட்டாருன்னு நெனச்சு நகராம நின்னேன். அப்டியே என் மேல வந்துட்டாரு."

"இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டாங்க? ஆளாளுக்கு அவங்களே பேசிக்கினு இருந்தாங்க."

கேட்டைத் திறந்து உள்ளே போனேன்.

தாமோதரம் சார் போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், சட்டை பெரிதாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாம்மா. பஸ்லயா வந்த? ஒரு ஃபோன் பண்ணிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேன்" என்றவர், உடனே நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். உள்ளே போய் அவரே காபி போட்டுக் கொண்டுவந்தார். டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தார். கவனித்து நான் பிடித்திருக்காவிட்டால் கீழே விழுந்திருக்கும்.

காபி குடித்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தேன். வலது பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு கீறல் இல்லை. இடது பக்கம் போனேன். முன் பம்பரிலிருந்து பின் கதவு வரை கீறல்கள். ஒரே நாளில் விழுந்தவை இல்லை. சில பழையவை, தூசி ஏறி மங்கியிருந்தன. சில புதியவை. ஒன்று சுவரில் உரசியது, ஒன்று ஏதோ கம்பியில். இடது பக்கத்து மிரர் உட்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

"மிரர் எப்ப மடங்குச்சு சார்?"

"மடங்கி இருக்கா? எந்த மிரர்?" என்றார்.

அவருடைய பழைய பெட்ரோல் வண்டி நினைவுக்கு வந்தது. கடைசி வருஷத்தில் அதற்கும் கீறல் போகப் பாலிஷ் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதுவும் இடது பக்கம்தான். சந்து குறுகல் என்று அவரும் சொன்னார், நாங்களும் அப்படியே நினைத்தோம். அந்த வண்டி சத்தம் போடுகிற வண்டி.

"சார், உள்ள உக்காந்து லைட், இன்டிகேட்டர் எல்லாம் ஒவ்வொண்ணா போடுங்க. நான் பாத்துடறேன்" என்றேன். எடுத்துப்போகும் எந்த வண்டிக்கும் செய்கிற வேலை இது, வேறு நோக்கம் இல்லை. அவர் உட்கார்ந்தார். ஹெட்லைட் போட்டார். நான் முன்னால் நின்று பார்த்தேன். "இடது இன்டிகேட்டர்" என்று சொல்லிவிட்டு, வண்டியின் இடது முனைக்கு நகர்ந்து நின்றேன். மறைவே இல்லாத இடம். கண்ணாடி வழியாக அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"போட்டுட்டேன். எரியுதா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "எங்கம்மா போயிட்ட?" என்றார்.

நான் வண்டிக்கு முன்னால், அந்த இடது முனையிலேயே, கை நீட்டினால் பம்பரைத் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மெல்ல வலது பக்கமாக நகர்ந்தேன். பாதி வண்டியைத் தாண்டியபோது, "ஆங், இங்க இருக்கியா" என்று சிரித்தார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். நான் என்ன எழுதினால் யாருக்கு நல்லது என்று யோசித்துப் பாருங்கள். சத்தமில்லாத வண்டிதான் காரணம் என்றால் மகனுக்கு நிம்மதி. ஃபோர்மேன் அண்ணாவுக்கு அவர் பேச்சு ஜெயித்தது. மேனேஜருக்கு ஒரு வண்டி விற்றது. தாமோதரம் சார் பழையபடி பெட்ரோல் வண்டியில் மாதா மாதம் என் மேசைக்கு வருவார். எனக்கும்தான் நல்லது. ஊரே தயாராக வைத்திருந்த பதில் அது. வேண்டாம் என்று சொல்ல அந்தப் போர்டிகோவில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சார், வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

"அப்புறம்?"

"உங்களுக்கு இடது பக்கம் தெரியல சார். நான் எதுருல நின்னேன். நீங்க பாக்கல."

அவர் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரல் மாறியது. "வண்டியப் பாக்கச் சொன்னா என்னப் பாக்க வந்தியா நீ?"

"கீறல் எல்லாமே இடது பக்கந்தான் சார். பழைய வண்டியிலயும் அப்படித்தான் இருந்துச்சு. சத்தம் காரணம் இல்ல."

"எனக்கு நல்லாத் தெரியுது. பேப்பர் படிக்கறேன். டிவி பாக்கறேன். ஊசில நூல் கோக்கச் சொல்லு, கோக்கறேன்." மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி, "சத்தம் இல்லாததுதான் காரணம்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. பெட்ரோல் வண்டி குடுப்பாங்க. ஊருக்குள்ள மெதுவா ஓட்டிக்கினு இருப்பேன். வீட்ட விட்டு வெளிய போறதே அந்த வண்டிலதான். அதயும் எடுத்துட்டா நான் என்ன செய்வேன்?"

அவரை "சார்" என்று கூப்பிட்டுப் பழகியவள் நான். அவர் என்னிடம் கெஞ்சியதை என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் சொன்னேன். "அந்தக் கீரைக்கார அம்மா நாளைக்கும் இதே சந்துலதான் சார் வருவாங்க."

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கை நீட்டினேன். சாவியை என் கையில் கொடுக்காமல் படிமேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு திருப்பதிக்குத் திரும்பினேன். நல்ல வண்டி. மேட்டில் அலுங்காமல் ஏறியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை, அதனால் அவர் சொன்னது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தது. சந்திரகிரி தாண்டி ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது ஃபோன் செய்யலாம் என்று தோன்றியது. யாருக்கு என்று தெரியவில்லை.

மேனேஜர் சத்தம் போட்டார். "உனக்கு டாக்டர் வேல யார் குடுத்தது? கஸ்டமர் வண்டி கேக்கறார், குடுக்கறது நம்ம வேல." மகனிடம் நானே ஃபோனில் பேசினேன். அவன் நம்பவில்லை. காலேஜ் நாளிலிருந்து அப்பா வண்டி ஓட்டுகிறார், உங்கள் வண்டியைக் காப்பாற்ற அவர் மேல் பழி போடுகிறீர்கள் என்றான்.

"நான் சொல்றத நம்ப வேணாம்" என்றேன். "ஒரே ஒரு தடவ கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. அவர் சரின்னு சொல்லட்டும். எந்த வண்டி கேக்கறீங்களோ அத நானே சித்தூருக்கு ஓட்டிக்கினு வந்து தரேன். வேலய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டும் போறேன்."

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது என்றார்களாம். இடது கண் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய இடது பக்கப் பார்வை குறையத் தொடங்கியிருக்கிறது. நேராக இருப்பது தெரிவதால் அவருக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வலதும் போயிருக்கும். மகன் இதையெல்லாம் ஒரு மெசேஜில் எழுதி, நன்றி என்று முடித்திருந்தான். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போனான். அப்பாவைப் பற்றி அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஃபோன் செய்தால் மணி அடித்து நிற்கும்.

இது நடந்த வாரத்தில் ஒரு மதியம் ஃபோர்மேன் அண்ணா டிபன் பாக்ஸோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"கீறல் எல்லாம் இடது பக்கந்தானா?"

"ஆமா அண்ணா."

"பழைய வண்டியிலயும்?"

"ஆமா."

தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டார். கரெண்டு காரைப் பற்றி அவர் கருத்து மாறவில்லை, ஓய்வு பெறும் நாள்வரை மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் மேசையில் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். புகை குறைய வேண்டும், வண்டி மாறத்தான் வேண்டும். மாறும்போது ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்தவர்களுக்கு வேறு வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். இவை பெரியவர்கள் முடிவு செய்யட்டும். உங்கள் மேசைக்கு எதிரே உட்காருபவர் இதற்காக வரவில்லை. அவர் எங்கே ஓட்டுகிறார், எங்கே நிறுத்துகிறார், வீட்டில் கூட யார் இருக்கிறார்கள், இதையெல்லாம் கேளுங்கள். ஏதாவது கெட்டது நடந்தால், உங்கள் கட்சிக்குத் தோதான காரணம்தான் முதலில் கையில் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு தரம் வண்டியைச் சுற்றி வாருங்கள். சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு யாரும் உங்களோடு சாப்பிட உட்காராமல் போகலாம். அது இந்த வேலையோடு வருகிறது, முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் வந்தார்கள். தாமோதரம் சார் வரவில்லை. பிறகு வீட்டில் இருந்தேன். காலையில் எழுந்தால் போவதற்கு இடம் இல்லை. ஃபோன் மேசைமேல் கிடக்கும். நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் கடையில் பால் கேட்கும்போது என் குரலே எனக்கு வேறு மாதிரி இருக்கும். அவர் கேட்டது அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது, அதையும் எடுத்துட்டா நான் என்ன செய்வேன் என்று.

ஒரு நாள் கிளம்பி சித்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஃபோன் செய்யவில்லை. செய்தால் எடுக்க மாட்டார் என்று தெரியும்.

போர்டிகோ காலியாக இருந்தது. கேட் சத்தம் கேட்டு வெளியே வந்தார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

"சரளாவா? இப்ப எந்த வண்டியப் பாக்க வந்த?"

"வண்டி இல்ல சார். ரிட்டயர் ஆயிட்டேன். சும்மா வந்தேன்."

"சும்மாவா?" என்றார். வழியை விட்டு நகர்ந்து நின்றார். "வா, உள்ள வா."

காபி போட்டார். சொட்டு மருந்து பாட்டில்களை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தார். பேச்சு அவ்வளவாக ஓடவில்லை. மகன் பெங்களூருக்கு வரச்சொல்கிறான், அங்கே போனால் அறையை விட்டு வெளியே வர முடியாது, போகவில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் மேல கோவமா இருந்தேம்மா" என்றார்.

"தெரியும் சார்."

"வண்டி மேல தப்பு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"ஆமா சார். எனக்கும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வெயில் தாழ்ந்ததும் நான் எழுந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை வருகிறேன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தில் நடக்கும்போது நான் அவருடைய இடது பக்கமாகப் போய்க்கொண்டேன். அவர் கவனித்தார்.

மெயின் ரோட்டைத் தாண்டும் இடத்தில் இடது பக்கத்திலிருந்து ஒரு பேட்டரி ஆட்டோ வந்தது. அவர் காலை எடுத்து வைக்கப் போனார். முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆட்டோ எங்களை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது.

"கரெண்டு வண்டியா?" என்றார்.

"ஆமா சார்."

அது போன திசையில் கொஞ்ச நேரம் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வண்டிம்மா, நான் வெச்சிருந்தது" என்றார். பிறகு, ரோடு காலியான பின்னும் என் கையிலிருந்து முழங்கையை எடுக்காமல், "அடுத்த வாரம் வருவியா?" என்று கேட்டார்.